ஏலதாரர் காலாவதி

இன்று காலை பத்து நாற்பதுக்கு எனக்குச் செய்தி வந்தது. இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் சரி. வயது முப்பத்தொன்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் டெக்னீஷியன். மனைவி சாலை விபத்தில் இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

அப்போது ஒரு துணிக்கடையில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் தம்பி போனில், "அத்தான், அக்கா வீட்டுல யாரோ தரையைப் பேத்துக்கிட்டு இருக்காங்க, நீங்களா ஆள் விட்டீங்க?" என்று கேட்டான். நான் ஆள் விடவில்லை.

அது, கடன் கட்டாதவரிடமிருந்து வங்கி கைப்பற்றி ஏலம் விட்ட வீடு. அதிகத் தொகைக்குக் கேட்டு எடுத்தவள் என் மனைவி. முழுவதும் கட்டி ரசீது வாங்கியதும் அவளே. விற்பனைச் சான்றிதழ் மட்டும் வர வேண்டியிருந்தது. அதற்குள் இறந்துவிட்டாள்.

அதன் பிறகு லிஃப்டை நிறுத்தி, எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தரை பெயர்ந்து கிடந்தது. சமையலறையில் ஒருவர் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அடிக்காமல் மீதியிருந்த சுவரில், வீடு பார்க்க வந்த அன்று என் மனைவி பென்சிலால் எழுதியது இருந்தது: "மிக்ஸி பிளக் இங்கே. நெட்டை, உன் உயரத்துக்கு வைக்காதே." நெட்டை என்பது நான்.

ஏலத்தில் இரண்டாவதாக வந்த டைல்ஸ் கடைக்காரர் அங்கே நின்றார். "யாருப்பா நீ, விறுவிறுன்னு உள்ள வர்ற?" என்றார். "வீட்டுக்காரன்" என்றேன். "நீ வீட்டுக்காரன்னா நான் யாரு, வாட்ச்மேனா?" என்று தன் பெயரில் உள்ள சான்றிதழை நீட்டினார். வங்கி முத்திரை இருந்தது. "பேங்க்காரன் கூப்பிட்டுக் கொடுத்தான், நானும் கட்டித்தான் வாங்கினேன். சண்டைன்னா அவன்கிட்ட போய்ப் போடு" என்றார்.

அதன் பிறகு வங்கிக்குப் போய் அதிகாரியிடம் கேட்டதற்கு, அவர் ஒரு கடிதத்தின் நகலைக் கொடுத்தார். அதில், ஏலதாரர் காலாவதியானதால் அடுத்தவருக்கு விற்பனை உறுதி செய்யப்படுகிறது என்று இருந்தது.

"காலமானதால்னு இருக்கணும் சார். பணம் கட்டாதவங்களுக்கு, ஏலம் காலாவதின்னு ஒரு லெட்டர் ரெடியா வெச்சிருப்போம். அதுலயே மாத்தி அடிச்சிட்டாங்க" என்றார்.

"மாத்திரை காலாவதி ஆகும் சார். பணம் கட்டாதவனோட ஏலம் காலாவதி ஆகும். என் பொண்டாட்டி முழுசா கட்டிட்டுத்தானே செத்தா?"

"நீங்க வாரிசுன்னு வந்து சொல்லியிருக்கணும்ல?"

"நான் பிணவறை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன் சார். அங்க உங்க கவுன்டர் இல்ல."

சத்தம் போடாதீங்க என்றார். போட்டேன். மேசைக் கண்ணாடி உடைந்தது என் கை பட்டுத்தான். தவறிப் படவில்லை.

அதன் பிறகு திரும்ப அந்த வீட்டுக்குப் போய், தரை உடைக்கும் மெஷினை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, மெயின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு, கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டியதாக என்மேல் போலீஸில் கொடுத்த புகாரில் இருப்பது பொய். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் மின்சாரத்தைத் துண்டிப்பது என் தொழிலில் கிடையாது. வெள்ளை அடித்தவர், "தம்பி, என் டிபன் பாக்ஸ் உள்ள மாட்டிக்கிச்சு, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பூட்டைத் திறந்து எடுத்துக்கொடுத்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். டைல்ஸ் கடைக்காரரை நான் தொடவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்தார். அதற்காக அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அவரையும் இதில் மாட்டிவிட்டது வங்கி.

சாவியும் ஃபியூஸும் என்னிடம் உள்ளன. நீதிபதி கேட்டால் கொடுப்பேன், வங்கி கேட்டால் தரமாட்டேன். பணத்தை மனைவியின் கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். அவள் திருப்பிக் கேட்கவில்லை. வங்கிமேல் வழக்குப் போட்டு, அது முடியும்வரை அந்தச் சமையலறைச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு கேட்கப்போகிறேன்.

இதெல்லாம் நானாகச் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. நான் சொல்லச் சொல்ல இதை இங்கே எழுதும்போதே அந்த வங்கி அதிகாரி, வேறு வீடு ஏலத்துக்கு வருகிறது, சமாதானமாகப் போய்விடலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு வீடு வேண்டாம். போனை அணைத்துவிட்டேன்.

(கையொப்பம்)