தவிட்டுக்குப் போன தம்பி

சிந்தாமணி: ரெண்டு படி. அதுக்கு மேல ஒரு பிடி கெடையாது.

வைஜெயந்தி: அண்ணி, வெறும் ரெண்டு படிதானா? நெறத்தப் பாருங்க, செவசெவன்னு...

சிந்தாமணி: நெறத்த வெச்சி இன்னா பண்றது? மூக்கு சப்ப. தலையில மயிரத் தேடணும். இதுக்கு ரெண்டு படி தவிடே ஜாஸ்தி.

வைஜெயந்தி: வில்லியனூர் சந்தையில கருவாடு விக்கிற வாய இங்கயும் கொண்டாந்துட்டீங்களா? இது ஒங்க தம்பி பெத்த புள்ள அண்ணி.

சிந்தாமணி: அதான் பாத்தன். அவன மாதிரியே வாயத் தொறந்துகினு தூங்குது. அதுக்குத் தனியா ஒரு பிடி கொறச்சிக்கணும்.

வைஜெயந்தி: சிரிக்க வெக்காதீங்க. தையல் போட்ட எடம் இழுக்குது.

சிந்தாமணி: சிரிக்காத. சாமி முன்னால நெஜமா விக்கற மாதிரி விக்கணும். மூத்தவளுக்கு அப்பறம் ரெண்டு வயித்துலயே தங்காம போச்சே... இது தவிட்டுக்குப் போன புள்ள, நம்பளுக்கு இன்னாத்துக்குன்னு எமன் திரும்பிப் போயிடணும். மலிவா முடிஞ்சாதான்டி நல்லது.

பூவிழி: அம்மா... தம்பிய அத்த வாங்கிட்டாங்களா?

வைஜெயந்தி: பேரம் நடக்குது. மூணு வயசுப் பொண்ணு நடுவுல வராம ஒக்காரு. ஒண்ணுக்கு வந்தா மொதல்ல சொல்லணும், இன்னா?

பூவிழி: வரல.

வைஜெயந்தி: இப்பிடித்தான் ஆட்டோவுலயும் சொன்ன.

சிந்தாமணி: ஆட்டோவுல இன்னா ஆச்சி?

வைஜெயந்தி: அத ஏன் கேக்கறீங்க? பாகூர்ல ஏறனோம். கரியமாணிக்கம் தாண்டறதுக்குள்ள சீட்டெல்லாம் ஈரம். எம் பொடவ, தம்பி சுத்தியிருந்த துணி, எல்லாம் சொட்டுது. யாருடின்னா, நாந்தான்னு கையத் தூக்கறா. இங்க வந்து பாய விரிச்சோம், அதுல ஒரு கொளம். அதுக்கும் நாந்தான்.

சிந்தாமணி: டயபர் போடலையா?

வைஜெயந்தி: பாக்கெட்ட ஒங்க தம்பி டீவி மேல வெச்சிட்டு வந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் இல்ல. அந்த பாவத்துக்கு, இவ ஜட்டிய மாத்தற வேல அவருதுன்னுட்டேன்.

சிந்தாமணி: எங்க அவன்?

வைஜெயந்தி: தேங்கா வாங்கப் போனாரு. தேங்காய நட்டு வெச்சி வளக்கறாரு போல... அண்ணி, இவன் பொறக்கறதுக்கு முன்னாடி நல்லா பழகிட்டா இவ. சொல்லிட்டுதான் போவா. இவன் வந்ததும் எல்லாம் போச்சி. திங்கக்கெழம பால்வாடியில சேக்கணும். ஜட்டி நனைக்கற புள்ளைய சேத்துக்க முடியாதுன்னு அந்த டீச்சர் சொல்லிட்டாங்க. ரெண்டையும் வூட்ல வெச்சிகினு ஒத்தையா... எனக்குத் தூங்கி எவ்ளோ நாளு ஆச்சி தெரியுமா?

சிந்தாமணி: அழுவாத. நல்ல காரியம் நடக்கற எடம். புள்ளைய என் மடியில போடு. போட்டப்பறம், நான் கோயில ஒரு சுத்து சுத்தி வந்து திருப்பித் தர்ற வரைக்கும் நீ அவனத் தொடக்கூடாது.

வைஜெயந்தி: இந்தாங்க... பாத்து, தல.

சிந்தாமணி: உம் மொறத்துல தவிடு எறங்கிச்சி, எம் மடியில சரக்கு ஏறிச்சி. முடிஞ்சிது வியாபாரம். பூவிழி, இன்னாடி அத்த மேல சாயற?

பூவிழி: தம்பிய பாக்கறேன்.

சிந்தாமணி: பாரு, நல்லா பா... அடியே! சுடுது! பட்டுப்பொடவடி!

பூவிழி: நாந்தான்! அத்த, நாந்தான் போனேன்!

வைஜெயந்தி: போச்சி! இப்பதான கேட்டேன், இப்பதான வரலன்ன! உன்ன வெச்சிகினு நான் இன்னாதான்டி பண்றது?

சிந்தாமணி: இரு, இரு. கத்தாத. ஏய் பூவிழி, இப்பிடி வா. பாவாடைய தூக்கு.

பூவிழி: மாட்டேன்.

சிந்தாமணி: தூக்குடி ராசாத்தி, அத்ததான... வைஜி, இது காஞ்சி கெடக்குதுடி.

வைஜெயந்தி: இன்னாது?

சிந்தாமணி: மொட்டமாடியில போட்ட வாள கருவாடு மாதிரி கெடக்குது. நீயே கைய வெச்சிப் பாரு.

வைஜெயந்தி: ஆமா... பொட்டு ஈரம் இல்ல.

சிந்தாமணி: கழட்டிப் போட்டதெல்லாம் எங்க?

வைஜெயந்தி: இந்தப் பையில... ஐய, இதுவும் காஞ்சிருக்கு. இதுவும்! மாத்தன மனுசன் ஒரு வார்த்த சொல்லலையே!

சிந்தாமணி: எந்தம்பி எந்தக் காலத்துல எத தொட்டுப் பாத்தான்? காஞ்ச ஜட்டியக் கழட்டிட்டு இன்னொரு காஞ்ச ஜட்டிய மாட்டி வுட்டிருக்கான்.

வைஜெயந்தி: அப்ப ஆட்டோவுல? பாயில?

சிந்தாமணி: எல்லாம் இந்த தொரதான். தட்டிப் பாக்காம வாங்கிட்டேன். ஓட்டக் கொடம்டி இது.

வைஜெயந்தி: அப்பாடா... அண்ணி, எம் பொண்ணு எதையும் மறக்கல. ஐயோ சாமி... திங்கக்கெழம தைரியமா கூட்டிகினு போவலாம்.

சிந்தாமணி: இப்பதான் உம் மூஞ்சியில ரத்தமே ஓடுது. ஆனா ஏன்டி பூவிழி பொய் சொன்ன? தம்பிதான போனான்?

பூவிழி: இல்ல... நாந்தான்.

சிந்தாமணி: பெரிய வக்கீலு, ஒத்துக்க மாட்டா. சரி, நான் எம் புள்ளைய எட்த்துகினு கெளம்பறேன்...

பூவிழி: வாணாம்! அத்த, எட்த்துகினு போவாத! ஒண்ணுக்கு போறவங்களதான் தவிட்டுக்கு விப்பாங்க! அவன் போவல!

சிந்தாமணி: யாருடி அப்பிடி சொன்னது?

பூவிழி: அம்மா.

வைஜெயந்தி: ஐயோ... அன்னிக்கி ஏதோ கோவத்துல... இன்னொரு தரம் நனச்சின்னா தவிட்டுக்கு வித்துடுவேன்னு சொன்னேன் அண்ணி. ஒரு பேச்சுக்குதான்...

சிந்தாமணி: நல்லா பேசன. பேசிட்டு அவ கண்ணு முன்னாடியே படியில அளந்து விக்கற. கொழந்த இன்னாடி நெனைக்கும்?

வைஜெயந்தி: பூவிழி, இங்க வாடி. அம்மா பொய் சொன்னேன். யாரையும் யாருக்கும் விக்க மாட்டேன். இது வெளாட்டு வியாபாரம். அத்த ஒரு சுத்து சுத்திட்டு குடுத்துடுவாங்க.

சிந்தாமணி: நீயும் எங்கூடயே வா. என் முந்தானைய புடிச்சிக்க. வுட்டுடாத, ஓடிடுவேன்... ஆங், சுத்தியாச்சி. இப்ப அந்தத் தவிட்டுல ஒரு பிடி அள்ளி அத்தைக்கு குடு. திருப்பி வாங்கற வெல.

பூவிழி: ரெண்டு கையாலயும் குடுக்கவா?

சிந்தாமணி: வாணாம்டி, ஏமாளி! ஒரு கைக்கே பெறாது. நான்தான் கூட தரணும், தூக்கிகினு போனா போதும்னு. இந்தா வைஜி, புடி.

பூவிழி: தம்பி இப்ப நம்பளுதா?

வைஜெயந்தி: நம்பளுதுதான்.

பூவிழி: அம்மா...

வைஜெயந்தி: இன்னாடி கண்ணு?

பூவிழி: இப்ப நெஜமாவே ஒண்ணுக்கு வருது.

வைஜெயந்தி: அண்ணி, இவன புடிங்க, புடிங்க! வாடி, வாடி, அந்த வேலிப் பக்கம்...

சிந்தாமணி: மெதுவாடி, தையலு!... இன்னா, போனாளா?

வைஜெயந்தி: போனா, போனா, போய்க்கினே இருந்தா. காலையிலேர்ந்து அடக்கி வெச்சிருக்கா அண்ணி. ஏண்டி, நாந்தான் நாந்தான்னு சொன்னியே... ஒன்ன வித்துடுவாங்கன்னு பயமா இல்ல?

பூவிழி: நான் வூட்டுக்கு ஓடியாந்துடுவேன். தம்பிக்குதான் நடக்கவே தெரியாதே.