சேம்பருக்குள் ஒரு துளி

– நக்கோ, வேண்டாம் ரஞ்சனா மேடம், சேம்பரைத் திறக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குதேன்.

– திறக்காம என்ன செய்ய, ஐவி? உள்ளே எண்ணெய் இருக்குன்னு மீட்டர் மூணு நாளா காட்டுது. கொஞ்சம் அழுக்கு கலந்தாலே போதும், உள்ளே இருக்கிற வாயு சூடேறாம அணைஞ்சிடும். பம்ப்ல இருந்துதான் எண்ணெய் பின்னாடி ஏறுது. அதைக் கழட்டினா காத்து உள்ளே போகும், காத்தோட ஈரம் சுவர்ல ஒட்டும். மறுபடி சூடேத்தி உலர்த்த மூணு வாரம்!

– பம்ப் இல்ல மேடம். நான்தான்.

– என்ன நீங்க?

– உள்ளே கடைசியா சுவரைத் துடைச்சது நான்தானே. வெளியே வர்றதுக்கு முன்னாடி சின்னதா ஒரு சிலுவை போட்டேன். ஜெப எண்ணெய்ல.

– ஐயோ! எதுக்கு?

– புது வீடுன்னா நிலையில போடுவோம்லா? ரெண்டு வருஷமா இந்த மல்லாபூர் ஷெட்டுல கட்டினது. சூரியனுக்குள்ள நடக்கிறது இதுக்குள்ள நடக்கப் போவுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஜெபிக்காம மூட மனசு வரல. ஆனா கையுறையைக் கழட்டல மேடம், ஸ்தோத்திரம்!

– கையுறை எதுக்குப் போடறோம்? உங்க விரல்ல இருக்கிற எண்ணெய் சுவர்ல படக்கூடாதுன்னுதானே? நீங்க பாட்டிலோடயே போயிருக்கீங்க!

– சின்ன பாட்டில்தான் மேடம். என் வேலை போயிருமா? என் மக பிளெசி இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா...

– இருங்க, இருங்க. எத்தனை துளி?

– ஒண்ணு.

– நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

– ஹவ், ஆமா மேடம், ஒண்ணேதான்.

– அப்ப இங்க வாங்க. சேம்பர் ஜன்னல்ல ரோஸ் வெளிச்சம் தெரியுதா? கொஞ்சூண்டு ஹைட்ரஜன் விட்டு மின்சாரம் பாய்ச்சியிருக்கோம். அந்த அணுக்கள் சுவரை இடிச்சுக்கிட்டே இருக்கும். ஒட்டின அழுக்கு உதிர்ந்து வாயுவாகும், பம்ப் அதை இழுத்து வெளியே தள்ளும். நம்ம துணி எட்டாத மூலையையும் இது துடைக்கும்.

– அப்ப என் எண்ணெய்?

– அதான் விஷயமே! பம்ப்ல இருந்து ஏறினா மீட்டர்ல இந்த எண்ணெய்க் கோடு குறையவே குறையாது. அதுல லிட்டர் கணக்குல எண்ணெய் இருக்கு. ஒரு துளின்னா தீர்ந்துடும். பாருங்க, முந்தாநாள் இவ்வளவு உயரம். நேத்து பாதி. இன்னிக்குக் கால்தான். ஏன் குறையுதுன்னு புரியாததால நான் அதை நம்பவே இல்ல. இன்னும் சில நாள்ல சுத்தமா போயிடும்.

– அப்ப திறக்க வேண்டாமா?

– வேண்டவே வேண்டாம்.

– ஆண்டவரே! மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல மேடம். கைக்கு, எதுக்கு அழுவுறேன்னு எங்க வீட்டுக்காரர் எல்வின் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சிட்டாரு. இப்ப என்னை என்ன செய்வீங்க?

– எந்த இடத்துல வச்சீங்கன்னு எழுதிக் குடுங்க, போதும். முதல்ல அந்தப் போனை எடுங்க, நம்ம டைரக்டர் சந்தீப் சார் என் மெயிலைத் திறக்கறதுக்குள்ள அவரைப் பிடிக்கணும். அந்தப் பம்ப்பை மாட்டினது நான், ஐவி. காலையிலேயே ராஜினாமா அனுப்பிட்டேன்.