எழுத்தில்லாத கட்டங்கள்

நீங்கள் அந்தத் திரையில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், சார். உங்கள் கட்டைவிரல் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாயாய் அலைகிறது. உங்கள் மேல் தப்பில்லை. எழுத்துகளை அப்படி அடுக்கியவன் தொடுதிரையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். இரவு ஷிப்டில் வாடிக்கையாளர்களின் வசவுகளுக்குச் சாட்டில் பணிவாகப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். விரல் மூட்டுகள் வீங்கிய பிறகுதான் யோசனை வந்தது. அடிக்கடி வரும் எழுத்துகள் நடுவில், எப்போதாவது வருபவை ஓரத்தில். வேலையை விட்டுவிட்டு அந்தக் கீபோர்டை உருவாக்கினேன். கட்டங்களில் எழுத்தே தெரியாது. பார்த்துத் தேடுகிறவன் ஒருநாளும் பழகமாட்டான்.

அண்ணன் கைப்பேசி மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கீபோர்டை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்திருந்த நண்பர்கள் முன்னால் அதைத் தட்டிப் பார்த்தான்.

“இதுல ‘வேலை’ன்னு அடிச்சா வருமாடா? உனக்குத்தான் வரல, அதுக்காவது வரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் பல்லிடுக்கில் இருக்கிறது.

பிறகு அவனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. குரல் போய்விட்டது. மூச்சுவிடக் கழுத்தில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேனா பிடிக்க வலுவில்லை. டேப் என்கிற கைக்கணினியில் அவன் அடித்தால் அது உரக்கப் படிக்கும். அதற்கான ஏற்பாட்டைச் செய்யச் சொல்லி அண்ணி என்னிடம்தான் கொடுத்தார். பழைய கீபோர்டை நீக்கிவிட்டு என்னுடையதைப் போட்டேன். மாற்ற முடியாதபடி பூட்டினேன்.

“என்ன தம்பி, கட்டத்துல எழுத்தே காணோம்?”

“அண்ணனுக்குப் பார்க்காமலே வரும் அண்ணி.”

அவன் விரல்கள் பழைய தடத்திலேயே ஓடின. டேப் கன்னாபின்னாவென்று உளறியது. அண்ணி பயந்துபோய் டாக்டரை வரவழைத்தார். புத்தி குழம்பியிருக்கிறது, குழாயைப் பிடுங்கிவிடப் போகிறார், கையைக் கட்டிவையுங்கள் என்றார் அவர். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? கையைக் கட்டிலோடு கட்டி, விரல் படும்படி டேபை வைத்தேன். பயிற்சி விட்டுப்போகக் கூடாதல்லவா.

எனக்குப் பழைய கீபோர்டு, என்னுடையது இரண்டின் எழுத்து வரிசையும் மனப்பாடம். விரல் விழும் இடத்தைப் பார்த்தாலே அவன் சொல்ல வந்தது தெரிந்துவிடும். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னான். கட்டை அவிழ்க்கச் சொன்னான். அண்ணி வரும்போதெல்லாம், ‘எனக்கு ஒன்றும் இல்லை, இவன் கீபோர்டை மாற்றிவிட்டான்’ என்று அடித்தான். அண்ணி அவன் தலையைக் கோதிவிட்டு அழுவார்.

அன்று சளி குழாயை அடைத்துக்கொண்டது. அதை உறிஞ்சி எடுக்கும் கருவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் விரல்கள் படபடத்தன. ‘அடைக்குது, மூச்சு வரல’ என்பதை நான் படித்தேன். டேப் வேறெதையோ கத்தியது.

சத்தம் கேட்டு அண்ணி வாசலில் வந்து நின்றார். “என்னமோ சொல்றாரே தம்பி, உங்களுக்கு ஏதாவது புரியுதா?”

“எப்பவும் போலத்தான் அண்ணி. நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்.”

அவர் போனதும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தேன்.

“என்னோடதுல அடிண்ணே. ஒரே வார்த்தை. அடிச்சா எடுத்துவிடறேன்.”

அவன் என்னைப் பார்த்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. விரல்கள் நின்றன, யோசித்தன, ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டு நகர்ந்தன. டேப் தெளிவாகச் சொன்னது.

“தம்பி.”

ஒரு பிழை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே வார்த்தை என்று சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தை குருட்டாம்போக்கில்கூட வந்துவிடும் இல்லையா? இன்னொன்றும் வரட்டும் என்று கருவியைக் கீழே வைத்தேன். விரல்கள் அடங்கும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்தான் கொன்றேன், சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இதையும் எழுதிவிடுங்கள்: கடைசியில் அவன் பழகிவிட்டான்.