ஆற்றுக்கு இக்கரையில் பிறந்தவன்

மூன்றாவது குண்டு எதிர்க்கடையில் விழுகிறது. முதலில் சீழ்க்கை. இரண்டு நொடி நிசப்தம். பிறகு கூரை.

"படு! எல்லாரும் படு!" அண்ணன் கத்துகிறார்.

துணிக்கட்டுகளுக்கு நடுவே நான், என் மனைவி லான், ஐந்து வயது மகள் மைமூன். சைகோன் நகரம். 1968 பிப்ரவரி. மாலைக்குள் எங்கள் ஜவுளிக்கடை எரிந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழும் எரிந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். உம்மாவின் ஊர் பாகூர். அப்போது பிரெஞ்சு மண். அண்ணன் அங்கே பிறந்தார். நான் இரண்டாவது பிள்ளை. பெண்ணையாற்றுக்கு இக்கரையில், ஆங்கிலேயர் ஆண்ட கடலூரில் பிறந்தேன். அவரிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். மனைவி மக்களோடு பிரான்சுக்குப் போகலாம். என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட். நான் ஊர் திரும்பலாம். லான் வியட்நாம்காரி. அவளுக்கு விசா வேண்டும். அதற்கு ஊரில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும்.

சான்றிதழ் இல்லாமல் மைமூனை என் பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியாது. பிரெஞ்சு அலுவலகத்தில் அவளைத் தன் மகள் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. "அங்க போனதும் மாத்திக்கலாம்டா," என்றார். லானை அப்படி எழுத வழியில்லை. அண்ணனுக்கு மனைவி உண்டு.

மார்ச்சில் அண்ணன் குடும்பமும் மைமூனும் போனார்கள். லானை அவள் தாயிடம் விட்டுவிட்டுக் கடலூர் வந்தேன்.

"பொண்டாட்டிய குண்டுக்கு நடுவுல வுட்டுட்டு வந்துட்டியே பாய்?" என்றார் விசா மனுவை வாங்கிய குமாஸ்தா.

"விசா குடுங்க சார், நாளைக்கே கூட்டியாறேன்."

"நானா குடுக்குறேன்? டில்லி குடுக்கணும். மொதல்ல பொறுப்புக் கடுதாசி கொண்டா."

எனக்குப் பெற்றோர் இல்லை. சிதம்பரத்தில் வளையல் கடை வைத்திருந்த தாய்மாமா மட்டும்தான். அவர் மகளை நான் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. நான் கட்டவில்லை.

"எம்பொண்ணு வேணாம்னு கப்பல் ஏறுன. இப்ப அங்க கட்டிக்கிட்டவளுக்கு நான் ஜாமீனா மாப்ளே? நல்லா இருக்குய்யா."

நான்கு முறை பஸ்ஸில் போனேன். ஏப்ரல் கடைசியில் கையெழுத்திட்டார். "வந்தா இங்கயே தங்கட்டும். மாடி சும்மாதான் கெடக்கு," என்றார்.

மே மாதம் சைகோனில் மறுபடியும் குண்டு. லானின் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கடிதம் ஜூனில் வந்தது. அதற்குப் பிறகு விசா வந்தது.

மாமா முதல் நாளே கையெழுத்திட்டிருந்தால் மே மாதத்துக்குள் வந்திருக்குமா? குமாஸ்தாவைக் கேட்டேன். அவர் கோப்பைக் கட்டி வைத்தார்.

இழந்தவை. கடை ஒன்று. லான், வயது இருபத்தாறு. அவள் தாய். மைமூன் உயிரோடு இருக்கிறாள், பிரான்சில். அங்குள்ள காகிதங்களில் நான் அவளுடைய தகப்பனின் தம்பி.