பூனை சிலிர்த்த சாயங்காலம்

அறுபதுகளின் கடைசியில், ஒருநாள் மத்தியானம், ஓசூரிலிருந்து ஜவளகிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் முன்பின் பழக்கமில்லாதவர்கள்.

“எங்க பூனைக்குக் கதவு தட்டற சத்தமே மறந்து போச்சுங்கக்கா,” என்றாள் சன்னலோரம் இருந்த சின்னவள்.

“அதெப்படிம்மா மறக்கும்?” என்றாள் மூத்தவள்.

“எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்தப்புறம் யாரு வராங்க? நேத்து சாயங்காலம் யாரோ தட்டினாங்க. பூனை முதுகைத் தூக்கி, வாலு முடியெல்லாம் சிலிர்த்து, ரெண்டு பங்கு ஆயிருச்சு.”

“பயந்தா அப்படித்தான். ஒடம்பைப் பெருசாக் காட்டினா வந்தது ஓடிப்போவுமில்ல.”

“நானும் பயந்துட்டேன். ‘என்னாங்க, அருவாளை எடுத்துட்டு வாங்க’ன்னு உள்ள பாத்துச் சத்தம் போட்டேன்.”

“உள்ள யாரு?”

“யாருமில்ல. தட்டினவங்க போயிட்டாங்க. சன்னல்ல பாத்தா, பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த கன்னடக்காரம்மா. கையில கிண்ணத்துல என்னமோ பலகாரம்.”

“கூப்பிட்டிருக்கலாமே?”

“செத்த மனுசனைக் கூப்பிட்டுட்டு, எந்த முகத்தோட அவங்களைக் கூப்பிடறதுங்கக்கா?”

தளி ஸ்டாப் வந்தது. மூத்தவள் கூடையோடு எழுந்தாள்.

“ஜவளகிரிப் பக்கம் வந்தா உன் வீட்டுக்கு வரட்டுமா?”

“வாங்கக்கா. கதவை மட்டும் தட்டாதீங்க, ரெண்டு பேரும் பயந்துருவோம். பேரு சொல்லிக் கூப்பிடுங்க.”

“பேரைச் சொல்லவே இல்லையே நீ?”

“சரசா.”

கண்டக்டர் விசில் ஊதினார். மூத்தவள் கீழே நின்று, சன்னலைப் பார்த்து, “சரசா!” என்று ஒருதடவை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள்.