பச்சை இன்ஜினுக்கு என்ன விலை

பொம்மை ரயிலுக்கு இவ்வளவு விலையா என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பாவம், அவர்கள் தகர ரயிலை மட்டுமே பார்த்தவர்கள். தகர ரயில் சாவி கொடுத்தால் ஓடும், சாவி தீர்ந்தால் நிற்கும், மூன்றாவது மாதம் ஒரு சக்கரம் கழன்று கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். நான் சொல்வது வேறு சங்கதி. இங்கிலாந்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையாலேயே செய்தது. உள்ளே செம்புக் கொதிகலன், அதற்கு அடியில் ஸ்பிரிட் விளக்கு. தண்ணீர் கொதித்து நிஜ நீராவியில் ஓடுவதற்கென்று பிறந்தது. முழங்கை நீளம், பச்சை வர்ணம், பித்தளை விளிம்பு. அந்த விலைக்கு அது தகும். இப்போது நான் இருக்கிற இடத்தில் இருந்துகொண்டும் தகும் என்றுதான் சொல்வேன்.

என் பெயர் சிங்காரவேலு. கேம்பல் லேனில் ஒரு மிளகாய் மில்லுக்கு மேல்மாடியில் ஆண்கள் விடுதி ஒன்று இருந்தது. அதற்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு, டை என்று நினைத்துவிடாதீர்கள். வாடகை வாங்குவது, மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிப்பது, ராத்திரி குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு நாலு திட்டுத் திட்டுவது, இவ்வளவுதான் உத்தியோகம். துறைமுகத்திலும் நகராட்சியிலும் வேலை பார்க்கிற பத்துப் பன்னிரண்டு பேர் தங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம். பேங்கில் பாரம் பூர்த்தி செய்யக் கூச்சப்பட்டுக்கொண்டு சேமிப்பை என்னிடம்தான் கொடுத்து வைப்பார்கள். என் கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டிதான் அவர்களுக்குப் பேங்க். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடம் ஒரே கூத்தாக இருக்கும். சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையில் நான் ஒரு தகர ரயில் வாங்கி வந்திருந்தேன். கட்டில்களை ஓரம் தள்ளிவிட்டுத் தண்டவாளத்தை வட்டமாகப் போடுவோம். மீசை நரைத்த ஆட்கள் எல்லாம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்திவிடுவார்கள். ரயில் எத்தனை சுற்றில் கவிழும் என்று கோப்பிக்குப் பந்தயம் நடக்கும். அதற்கு விசில் கிடையாது. அந்தக் குறையைத் துரைசாமி அண்ணன் தீர்த்துவைப்பார். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் ஊதினால் கீழே மிளகாய் மில்லில் வேலை நின்றுவிடும். மில்காரர் தலையை நீட்டி, "ரயில் வந்துருச்சா, இல்ல இன்னிக்கும் லேட்டா?" என்று கேட்பார்.

துரைசாமி அண்ணன் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிரித்தால் உடம்பெல்லாம் குலுங்கும். ஊரில் அவருக்குக் கமலா என்று ஒரே மகள். நடக்கப் பழகிய வயதில் அவளைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறியவர், அதன் பிறகு போகவே இல்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். இவர் போய்த் தாரை வார்க்க வேண்டும், கையில் நகையோடு போக வேண்டும். இருபது வருஷச் சேமிப்பு அதற்காகத்தான் என் பெட்டியில் கிடந்தது.

விடுதியே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஊருக்குப் போகிறவருக்கு ஆளுக்கு ஒரு சாமான் கொடுப்பது எங்கள் வழக்கம். கோடாலித் தைலம், பால்மாவு டின், கம்பளி, குடை, சேலை, வாசனை சோப்பு என்று டிரங்குப் பெட்டி நிரம்பிக்கொண்டே போனது. சமையல் செய்கிற பரமசிவம் ஒரு இரும்புத் தோசைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தான்.

"கப்பல் கவுந்தா இதப் புடிச்சு மெதக்கவாடா?" என்று கேட்டார் அண்ணன்.

"கமலா மொதத் தோசைய எம் பேரச் சொல்லி ஊத்தட்டும்ணே" என்றான் அவன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பச்சை இன்ஜின் வந்து உட்கார்ந்தது. சீமைக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விற்றுக் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போனாராம். கடை முதலாளியான சீனத் தவுக்கே அதை மேசையில் எடுத்து வைத்தார். சக்கரத்தை விரலால் லேசாகத் தொட்டேன். சத்தமே இல்லாமல் சுழன்றது, நான் கையை எடுத்த பிறகும் சுழன்றது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். சனிக்கிழமை தவுக்கே அரைகுறை மலாயில் சொன்னார்: கோலாலம்பூரிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், திங்கட்கிழமை இது இங்கே இருக்காது.

விலை என்ன என்றால், நாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் டிக்கெட், ஒரு பெண்ணுக்குப் போடுகிற நகை, பந்தல், மேளம், சாப்பாடு, இவ்வளவையும் கூட்டினால் வருகிற தொகை. அதற்கு மேல் ஒரு வெள்ளிக் காசுகூட இல்லை. இதை நான் அப்போதே கணக்குப் போட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். இரண்டும் இவ்வளவு சரியாகப் பொருந்துகிறதே என்று.

சனிக்கிழமை மத்தியானமே இன்ஜின் என் கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டது, அதன் மரப்பெட்டியோடு. இதை நான் எனக்காக வாங்கவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கூடத்துக்காக வாங்கினேன். அத்தனை பேரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்கிறவர்கள். தகர ரயிலுக்கே அப்படிச் சிரிக்கிறவர்கள் நிஜ நீராவியைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அந்தச் சந்தோஷம் வருஷக்கணக்காக நிற்கும். கல்யாணம் மூன்று நாளில் முடிந்துபோகிற சமாசாரம்.

துரைசாமி அண்ணனிடம் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சொல்லியிருந்தேன். புதன்கிழமை கப்பல். அவர் நகைக்கடைக்குப் போகத் திங்கட்கிழமை பணம் வேண்டும் என்றார். "ஆகட்டும்ணே, காலையில எண்ணித் தர்றேன்" என்றேன். நல்ல மனிதர், வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அனுப்பினேன், அண்ணன் பெயரில் அர்ச்சனை செய்து பத்திரமாகக் கரை சேர வேண்டிக்கொள்ளச் சொல்லி. எல்லாருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. அண்ணனை மட்டும் இருத்திவைத்தேன். டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கவேண்டும், கீழே அஞ்சடி நடைபாதையில் பெயிண்டர் காத்திருக்கிறான், மேலே பெயரும் ஊரும் எழுதவேண்டும் என்றேன்.

"நாலு பேரு வரட்டுமே மேனேஜர். தோசைக்கல்லு வேற கெடக்கு" என்றார்.

"நாம ரெண்டு பேர் போதும்ணே. பெயிண்டர் போயிருவான்."

எங்கள் மாடிப்படி செங்குத்தானது. அண்ணன் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் இறங்கினார். நான் மேல்பக்கம். பெட்டி நல்ல கனம், அத்தனை பேருடைய அன்பும் அதற்குள் இருந்தது. முதல் படியில் கால் வைக்கும்போது அண்ணன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, வாயாலேயே "கூ" என்று ஒரு விசில் கொடுத்தார். வண்டி புறப்படுகிறது என்று அர்த்தம். நானும் சிரித்தேன். பாதிப் படியில் என் கை வழுக்கியது. வியர்வை.

அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். கோயில் குங்குமத்தோடு திரும்பி வந்தவர்கள் என்னைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், அது பொய் இல்லை. அண்ணனுடைய ஈமக் காரியங்கள் எல்லாவற்றையும் நானே முன்னால் நின்று நடத்தினேன். நெளிந்துபோன டிரங்குப் பெட்டியைத் தட்டிச் சரிசெய்து, பெயர் எழுதி, அதே புதன்கிழமைக் கப்பலில் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு சோப்புக்கட்டிகூடக் குறையாமல் கமலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனை மேனேஜர் இப்படிச் செய்வான், சொல்லுங்கள்.

சில மாதம் கழித்துப் பரமசிவம்தான் காரியத்தைக் கெடுத்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. சேமிப்பை ஊருக்கு அனுப்பிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணமும் பிள்ளைக்கு ஆகுமே என்றான். டிக்கெட் அண்ணனுடைய சட்டைப் பையில் இருந்தது, அவரோடேயே போய்விட்டது என்றேன். அவனும் விடாமல் கப்பல் கம்பெனி ஆபீசுக்கே நடந்து போய்க் கேட்டிருக்கிறான். துரைசாமி என்ற பெயரில் யாரும் டிக்கெட் எடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு இன்ஸ்பெக்டர் அஸ்மத் வந்தார். அவர் என்னை அடித்துத்தான் உண்மையை வாங்கினார் என்று கேம்பல் லேனில் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். சுத்தப் பொய். தங்கமான மனிதர். இரண்டு நாள் வந்தார், இரண்டு நாளும் என்னோடு உட்கார்ந்து கோப்பி குடித்தார். பணத்தை எடுத்ததை நான் உடனே ஒத்துக்கொண்டேன், மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. படியில் நடந்தது மட்டும் கைத்தவறு என்றேன். அதற்கு மேல் அவரிடம் சாட்சி எதுவும் கிடையாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

கமலாவின் கல்யாணம் நின்றுவிட்டது என்று அவர்தான் சொன்னார். நகை வராததால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நகைக்காகக் கட்டுகிறவன் நாளைக்கு எப்படி வைத்துக் காப்பாற்றுவான்? ஒரு விதத்தில் அந்தப் பெண் தப்பித்தாள். இதையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் இன்ஜினை மரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தார்.

"மேனேஜர், இத யாருக்காக வாங்குனீங்க?"

"எல்லாருக்காகவும்தான் சார். கூடத்துல ஓடும், எல்லாரும் பாத்துச் சந்தோஷப்படுவாங்க."

"வாங்கி நாலு மாசம் ஆச்சு. எத்தன பேரு பாத்தாங்க?"

துக்கம் முடியட்டும் என்று இருந்தேன், பிறகு மழைக்காலமாக இருந்தது, ஈரக்காற்று பித்தளைக்கு ஆகாது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். அவர்கள் வழக்கம்போலத் தரையில் குந்தினார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

"பரமசிவம், கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாங்க. துரைசாமி காசுல வாங்குனது, அது எப்படித்தான் ஓடுதுன்னு பாத்துருவோம்."

கொதிகலனில் தண்ணீர் ஊற்றினார். ஸ்பிரிட் ஊற்றினார். நான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார்.

இந்த மாதிரி சாமானைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். தவுக்கே விற்கும்போதே என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர் அதை ஒரு தடவைகூடக் கொளுத்தவில்லை. அதுதான் அதனுடைய மதிப்பு. ஒரே ஒரு தடவை நெருப்புப் பட்டுச் செம்பு கறுத்துவிட்டால் போதும், பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கமாட்டார்கள்.

குச்சி விளக்கின் பக்கம் போனது. நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் சார். கை வழுக்கல. நான்தான் விட்டேன். அண்ணன் என்னையே பாத்துட்டு இருக்கும்போதுதான் விட்டேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன், நெருப்பு மட்டும் வைக்காதீங்க."

பரமசிவம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் குச்சியை ஊதி அணைத்தார், காகிதத்தை எடுத்தார். நான் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜின் இப்போது கோர்ட்டில் சாட்சிப் பொருளாக அதே மரப்பெட்டிக்குள் இருக்கிறதாம், விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யாரும் அதைக் கொளுத்தவில்லை. இன்றைக்கும் அதன் விலை அப்படியே இருக்கிறது.