காது கேளாத ரேடியோ

நகரத்திலிருந்து புறநகரான ரொக்ஸ்பரோவுக்குப் போகும் மாலை ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் இருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பத்திரிகையை மடித்தேன்.

“என்னை வேலையாலை நிப்பாட்டினவங்கள் நேற்றுப் போன் எடுத்து, ரேடியோவுக்குக் காது கேக்கேல்லை எண்டு அழுறாங்கள்.”

“எந்த ரேடியோ அண்ணை?” என்றார் இளையவர்.

“அம்புலன்சுக்குப் போறது. அதைக் கம்ப்யூட்டரோடை சேர்க்கிற ‘டிரைவர்’ எண்ட புரோகிராமை, லினக்ஸ் கேர்னல் எண்ட அடி மென்பொருளுக்குள்ளை எழுதினது நான். மூண்டு வருச வேலை. ரேடியோ அனுப்பி முடிச்சாப் பிறகு, கேக்கத் தொடங்க முதல் கொஞ்சம் பொறுக்கவேணும். என்ரை இடத்துக்கு வந்தவன் பொறுக்கச் சொல்லுற வரியைத் தேவையில்லையெண்டு வெட்டிப்போட்டான்.”

“நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?”

“ஓம். வண்டிக்குள்ளை நோயாளி கிடப்பானெல்லே.”

கண்ணாடிக்காரர் யன்னலைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

“வரியைத் திரும்பப் போட்டவுடனை ரேடியோ வேலை செய்திட்டுது. ‘ஃபைலிலை உங்கடை பேரையும் போடுறன், எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ’ எண்டான் என்ரை இடத்துக்கு வந்தவன். பாலசுப்பிரமணியத்திலை பாதிகூட நான் சொல்லி முடிக்கேல்லை. ‘சரி சரி, விடுங்கோ, மெர்சி’ எண்டு பிரெஞ்சிலை நன்றி சொல்லிப் போனை வைச்சிட்டான்.”